மர்பி டவுன் ஓட்டு எங்கே கரைகிறது?

தேர்தல் வந்துவிட்டால் மர்பி டவுனுக்குத் தனி மரியாதைதான். தமிழில் நோட்டீஸ் வரும். தமிழில் பேச ஆள் வரும். அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் திருவள்ளுவர் சிலைக்கு மாலை விழும். தேர்தல் முடிந்தால் சாக்கடை அடைப்பைச் சொல்வதற்கு யாரைத் தேடிப் போவது என்பதே கேள்வி.

கண்டோன்மெண்ட் காலத்தில் நாக்ஸ்பேட்டை என்று பெயர் பெற்றிருந்த இடம் இது. பிறகு பொறியாளர் மர்பியின் பெயரைப் பெற்றது. அன்று முதல் உழைப்பாளிகளின் குடியிருப்பு. 2011-ம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி பெங்களூர் நகர மாவட்டத்தில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். இத்தனை பேர் இருந்தும் சட்டசபையில் இவர்கள் குரல் ஏன் ஒலிக்கவில்லை?

தங்கவயல் கதை வேறு

விடை தேட அதிக தூரம் போக வேண்டாம். காலையில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வரும் கோலார் தங்கவயல்காரர்களைப் பார்த்தால் போதும். அவர்கள் ஊர் தனித் தொகுதி. சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் எல்லாம் ஒரே தொகுதிக்குள் இருந்தன. விளைவு என்ன? 1983-ல் அண்ணா தி.மு.க.வின் பக்தவத்சலம் வென்றார். 1985-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் டி.எஸ்.மணி. 1989-ல் மீண்டும் பக்தவத்சலம். 1994-ல் இந்தியக் குடியரசுக் கட்சியின் ராஜேந்திரன். பெங்களூரில் ஆட்சி யாருடையதாக இருந்தாலும் தங்கவயல் தன் ஆளைத் தானே தேர்ந்தெடுத்தது. 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. 2008 முதல் அங்கேயும் தேசியக் கட்சிகளே வெல்கின்றன.

அல்சூர்ப் பக்கத்து ஓட்டு அப்படி ஒரே பெட்டியில் விழுவதில்லை. பாரதிநகர் என்றொரு தொகுதி இருந்தது. 2008-ம் ஆண்டுத் தொகுதிச் சீரமைப்பில் அது மறைந்தது. அல்சூர் வார்டு சிவாஜிநகரோடும், ஜோகுபாளையம் சாந்திநகரோடும், ஹொய்சளநகர் சி.வி.ராமன்நகரோடும் சேர்ந்தன. நடந்து போகும் தூரத்தில் உள்ள தெருக்கள் மூன்று எம்.எல்.ஏ.க்களுக்குப் பங்காகிவிட்டன. அண்ணன் ஒருவருக்கு ஓட்டுப் போட, தம்பி வேறொருவருக்குப் போடுகிறார்!

காவிரியும் கட்சிக் கொடியும்

தமிழகக் கட்சிகள் இங்கே முயலாமல் இல்லை. 1994-ல் காந்திநகர் தொகுதியில் அண்ணா தி.மு.க.வின் முனியப்பா ஜெயித்தார். ஆனால் 1991 டிசம்பர் காவிரிக் கலவரம் பெங்களூர்த் தமிழருக்கு ஒரு பாடம். சென்னையில் ஒரு தலைவர் விடும் அறிக்கைக்கு இங்கே கொடி பிடித்தவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2016 செப்டம்பரில் மறுபடியும் பஸ்கள் எரிந்தன. கூலிக்குப் போகிறவன் வீட்டு வாசலில் கொடி கட்டத் தயங்கினால் அதைக் கோழைத்தனம் என்று சொல்ல முடியாது.

2023 சட்டசபைத் தேர்தலில் பக்கத்துத் தொகுதியான புலிகேசிநகருக்கு அண்ணா தி.மு.க. ஒரு வேட்பாளரை அறிவித்தது. பாரதிய ஜனதா கேட்டுக்கொண்டதும் அவர் சில நாட்களிலேயே வாபஸ் ஆனார். பேரம் நடந்தது தலைவர்கள் மட்டத்தில். ஓட்டர்களை யாரும் கேட்கவில்லை.

வள்ளுவர் சிலையின் கதையையும் சொல்ல வேண்டும். 1991 முதல் 18 ஆண்டுகள் துணி மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9-ந்தேதி எடியூரப்பா முன்னிலையில் கருணாநிதி திறந்து வைத்தார். அடுத்த பத்து நாளுக்குள் கர்நாடகத்தில் இடைத்தேர்தல்; அடுத்த மார்ச்சில் மாநகராட்சித் தேர்தல். சிலை திறந்தது நல்ல காரியம்தான். தேதி மட்டும் தற்செயலா என்பதை அவரவர் முடிவுக்கு விடலாம்.

வார்டுதான் பலம்

எம்.எல்.ஏ. தேர்தலில் கரைகிற ஓட்டு, வார்டுத் தேர்தலில் கரைவதில்லை. 2015 ஆகஸ்டில் 198 வார்டுகளுக்குத் தேர்தல் நடந்தது. பா.ஜ.க. 100, காங்கிரஸ் 76, மதச்சார்பற்ற ஜனதா தளம் 14, மற்றவர்கள் 8. அல்சூர் வார்டில் வென்றவரும் சுயேச்சையே. நூறு இடம் பெற்றும் பா.ஜ.க.வுக்கு மேயர் பதவி கிட்டவில்லை. மேயர் தேர்தலில் எம்.எல்.ஏ., எம்.பி., மேலவை உறுப்பினர்களுக்கும் ஓட்டு உண்டு. ஆகவே சுயேச்சைகளுக்குத் திடீர் மவுசு! அவர்களைக் கேரளத்து விடுதியில் கொண்டுபோய் வைத்திருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. கடைசியில் காங்கிரஸ் மேயரே வந்தார்.

அந்தக் கவுன்சிலர்களின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் ஐந்தாண்டுகள் கவுன்சிலரே கிடையாது, அதிகாரிகள் ஆட்சி. குழாய், குப்பை, தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் என்ஜினீயரிடம் மனு. மனு கன்னடத்தில் எழுத ஒருவர் வேண்டும். அலைய அரை நாள் கூலி போகும்.

2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. சிவாஜிநகர், சாந்திநகர், சி.வி.ராமன்நகர் மூன்றும் மத்திய மாநகராட்சியில் வந்தன. வார்டுகள் மொத்தம் 369. 2011 கணக்கை வைத்துப் பார்த்தால், ஒரு வார்டுக்கு 42 ஆயிரம் பேர் என்றிருந்தது 23 ஆயிரம் அளவுக்குக் குறைகிறது. சின்ன வார்டில் நாலு தெரு சேர்ந்தாலே வேட்பாளர் திரும்பிப் பார்த்தாக வேண்டும்.

அதற்குப் பட்டியலில் பேர் இருக்க வேண்டும். 2022 நவம்பரில் 'சிலுமே' என்ற அமைப்பு ஓட்டர் விவரம் திரட்டிய விவகாரம் வெடித்தபோது, தேர்தல் கமிஷன் மறுபரிசீலனைக்கு உத்தரவிட்ட மூன்று தொகுதிகளில் சிவாஜிநகரும் ஒன்று. வாடகை வீடு மாறியவர், ஊருக்குப் போய் மூன்று மாதம் தங்கியவர், வீடு பூட்டிக் கிடந்தவர் ஆகியோரின் பெயர்கள்தான் முதலில் அடிபடும் பெயர்கள். அடையாள அட்டை கையில் இருந்தால் போதாது. வரைவுப் பட்டியல் ஒட்டும் நாட்களில் வாக்குச்சாவடிப் பள்ளிக்குப் போய்ப் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே மனுப் பாரம் வாங்கி எழுதிக் கொடுத்துவிடலாம்.