வேலைக்கேற்ற வேஷம் – 12: கறுப்பிலும் நம்பர் உண்டு

1986இல் ஜப்பான் ஏர்லைன்ஸில் வேலைக்குச் சேர்ந்த பெண்களின் வண்ண வண்ண உடுப்பையும், கால் நூற்றாண்டு கழித்துச் சேர்ந்தவர்களின் ஒரே கறுப்பு சூட்டையும் போன வாரம் பார்த்தாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் காலணி என்று அறிவிப்பு போயிருந்தது. ஆனால் காலுக்குப் போகும் வழியில் தலைமுடி பிடித்து நிறுத்திவிட்டது.

காரணம் ஓர் அளவுகோல். ஜப்பான் ஹேர் கலர் அசோசியேஷன் என்ற அமைப்பின் ‘லெவல் ஸ்கேல்’. பெயிண்ட் கடையில் கொடுக்கும் ஷேட் கார்டைப் போன்றதுதான். சாயக் கட்டங்களுக்குப் பதிலாக, அதில் வரிசையாகச் சின்னச் சின்ன முடிக்கற்றைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். டை படாத ஜப்பானியத் தலைமுடி பெரும்பாலும் நான்கு, ஐந்தில் நிற்கும். நம்பர் ஏற ஏறக் கறுப்பு கரைந்து பழுப்பாகி, பதினைந்தை நெருங்கும்போது பொன்னிறம் தட்டும். கற்றையைத் தலையோடு சேர்த்துப் பிடித்து, வெளிச்சத்தில் ஒப்பிட்டு, ‘நீங்கள் ஏழு’ என்று சொல்லிவிடலாம்.

சலூனில் இது நல்ல சாமான். ‘கொஞ்சம் பழுப்பா’ என்று வாடிக்கையாளர் கேட்க, அவர் மனதில் இருக்கும் கொஞ்சமும் கடைக்காரர் மனதில் இருக்கும் கொஞ்சமும் வேறாகிப்போகும் வம்பு இல்லை. ஆனால் அளக்க ஒரு கருவி கிடைத்தால் ஆபீஸ்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஹோட்டல், விமான சேவை, வங்கி, பெரிய கடை என்று வாடிக்கையாளர் முகத்தில் விழிக்கும் வேலைகளில் ‘ஆறு வரை சரி’, ‘ஏழைத் தாண்டக் கூடாது’ என்று விதி எழுத இந்த நம்பர்கள் வசதியாகப் போய்விட்டன. கண்ணுக்குத் தெரிவதே கடினமான ஒரு படி வித்தியாசம், ஒருவரின் ஒழுங்கை எடைபோடும் படிக்கல்லாகிவிட்டது. இப்படி ஓர் ஆவணம் கையில் சிக்கிய பிறகு காலணியைப் பற்றி யார் எழுதுவார்கள்?

வேலை கிடைத்தவர்களுக்காவது நம்பர் தெரியும். வேலை தேடுகிறவருக்கு அதுவும் தெரியாது. எந்தக் கம்பெனி எந்த நம்பரில் கோடு போட்டிருக்கிறது என்று விளம்பரத்தில் வராது. அதனால் மாணவர்கள் செய்வது ஒன்றுதான்: இருப்பதிலேயே சின்ன நம்பருக்கு, அதாவது கட்டைக் கறுப்புக்கு இறங்கிவிடுவது.

பள்ளியில் கறுப்புத் தலை. கல்லூரிக்குள் நுழைந்ததும் பழுப்பு. மூன்றாம் வருடம் முடிவதற்குள் மறுபடி கறுப்பு. பல மாணவர்களின் தலை இப்படித்தான் காலண்டர் பார்த்து நிறம் மாறுகிறது. அந்தக் காலண்டரும் அரசு வகுத்ததுதான். மார்ச் 1 முதல் கம்பெனிகளின் அறிமுகக் கூட்டம், ஜூன் 1 முதல் நேர்முகத் தேர்வு, அக்டோபர் 1 முதல் முறையான வேலை உறுதி, படிப்பு முடிந்ததும் ஏப்ரல் 1இல் எல்லோரும் ஒரே நாளில் வேலையில் சேர்வது. பல கம்பெனிகள் இந்தத் தேதிகளுக்கு முன்பே ஆள் பிடித்துவிடுவது ஊரறிந்த ரகசியம். அதனால் தலையும் அதற்கும் முன்பே தயாராக வேண்டியிருக்கிறது.

விண்ணப்பத்தில் ஒட்டும் போட்டோ வேறு இருக்கிறது. நான்கு சென்டிமீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர். மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பசை விட்டு உதிர்ந்தாலும் யாருடையது என்று தெரிய, பின்பக்கம் பெயர் எழுதிவிட வேண்டும். கையால் எழுதும் விண்ணப்பத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் வெள்ளை மை தடவக் கூடாது, முழுத் தாளையும் திரும்ப எழுத வேண்டும் என்பது அங்கே மூத்தவர்கள் சொல்லித்தரும் பாடம். இவ்வளவு பார்க்கிறவர்கள் போட்டோவில் ஒரு நிறம், நேரில் ஒரு நிறம் என்று போய் நிற்பார்களா?

டை அடிப்பதிலும் ஒரு சிக்கல். நிரந்தர டையின் மூலப்பொருள் முடிக்குள் புகுந்து, அங்கேயே வினைபுரிந்து, வெளியே வர முடியாத பெரிய மூலக்கூறாக உட்கார்ந்துவிடும். கறுப்பின் மேல் பழுப்பு டை அடித்தால் கறுப்பு போகாது. பிளீச் செய்துதான் எடுக்க வேண்டும். அப்போதும் திட்டுத்திட்டாகச் செம்மை நிற்கும், முடியும் வைக்கோலாகும். இதற்குப் பயந்தவர்களுக்கு ஒருநாள் ஸ்ப்ரே உண்டு. காலையில் அடித்து இரவில் அலசிவிடலாம். வேர்த்தாலோ மழை பிடித்தாலோ வெள்ளைச் சட்டையின் காலரில் கறுப்பு இறங்கும். இன்டர்வியூ அறையில் அதைவிட மோசமான சாட்சி வேறு இல்லை.

பெண்களுக்கு நிறத்தோடு முடிவதில்லை. ஒற்றைக் குதிரைவால், கறுப்பு ரப்பர் பேண்ட், காது தெரிய வேண்டும், நெற்றிமுடி புருவத்தில் விழாமல் ஒதுங்க வேண்டும். இதில் குனிவதற்கும் ஒரு பங்குண்டு. பயிற்சி வகுப்புகளில் வணக்கத்தையே பாகை கணக்கில் சொல்லித்தருகிறார்கள்: எதிர்ப்பட்டால் 15, முறையான வணக்கத்துக்கு 30, ஆழ்ந்த நன்றிக்கோ மன்னிப்புக்கோ 45. முப்பது பாகையில் குனிந்து நிமிரும்போது முடி முகத்தில் சரிந்து, அதைக் கையால் ஒதுக்கினால் வணக்கம் கெட்டது. ஆகவே ஹேர்பின்.

இந்த இடத்தில் ஒரு பாட்டைச் சொல்லியாக வேண்டும். 1975இல் பன்பன் என்ற குழு பாடிப் பெரும் வெற்றி பெற்றது. எழுதி இசையமைத்தவர் அராய் யூமி. பிற்பாடு மாட்சுதோயா யூமி என்ற பெயரில் ஜப்பான் முழுக்கக் கொண்டாடப்பட்டவர். அமெரிக்க மாணவர் போராட்டத்தைப் பற்றிய ‘ஸ்ட்ராபெரி ஸ்டேட்மென்ட்’ படத்தைக் காதலியோடு பார்த்த நாளை நினைத்துக்கொள்ளும் ஒருவனின் பாட்டு. ஜப்பானிலும் மாணவர்கள் போராடிய காலம் அது; டோக்கியோ பல்கலைக்கழகத்தின் யசுதா மண்டபத்தைப் போராட்டக்காரர்களிடமிருந்து போலீஸ் மீட்டது 1969 ஜனவரியில். அந்தத் தலைமுறைக்கு நீண்ட முடி ஒரு கொடி. பாட்டின் நாயகனும் முடியை வெட்டிக்கொள்கிறான். எப்போது? வேலை உறுதியான பிறகு!

அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். பாட்டுக்காரன் முதலில் வேலையை வாங்கினான், பிறகு சலூனுக்குப் போனான். இன்றைய மாணவர் சலூனுக்குப் போய்விட்டுத்தான் வேலை கேட்கவே கிளம்புகிறார். கம்பெனி வாய் திறப்பதற்கு முன்பே கீழ்ப்படிந்தாயிற்று. பாட்டு ஒன்றும் புள்ளிவிவரம் அல்ல என்று யாராவது கடிதம் போடலாம், நியாயம்தான். ஆனாலும் இந்தத் தொடர் பன்னிரண்டு வாரமாகச் சுற்றிச் சுற்றி வரும் கேள்வி, யாரும் போடாத உத்தரவுக்கு ஏன் இத்தனை பேர் பணிகிறார்கள் என்பதுதான்.

பான்டீன் ஷாம்பு விற்கும் பி அண்டு ஜி இதையே விளம்பரமாக்கியது. 2018இல் வேலை தேடும் ஆயிரம் பேரின் மனக்குறையைத் திரட்டிப் போட்டது. அடுத்த வருடம், வேலை தேடுவோரின் தலைமுடிக்கு இன்னும் சுதந்திரம் வேண்டும் என்ற அதன் பிரசாரத்துக்கு 139 நிறுவனங்கள் சேர்ந்து கையசைத்தன. ஷாம்பு விற்கத்தான், சந்தேகமில்லை. ஆனால் கையசைத்த கம்பெனிகளின் வாசலிலும் கறுப்புக் குதிரைவால்கள்தான் வரிசையில் நின்றன. ‘விருப்பப்பட்ட உடையில் வரலாம்’ என்று அழைப்பு வந்தால்கூட, இது உண்மையா, சோதனையா என்று குழம்பிக் கறுப்பு சூட்டிலேயே போகிறவர்கள் அவர்கள்.

பழக்கம் பள்ளியிலேயே ஆரம்பிக்கிறது. பிறவியிலேயே பழுப்பு முடி உள்ள பிள்ளைகளிடம் ‘இது இயற்கை நிறம்தான்’ என்று பெற்றோர் கையெழுத்திட்ட சான்று கேட்ட பள்ளிகள் உண்டு. கூடவே குழந்தைப்பருவ போட்டோ கேட்டவையும் உண்டு. ஒசாகா மாநில உயர்நிலைப் பள்ளி ஒன்றின் மாணவி, இயற்கையான பழுப்பு முடிக்குத் திரும்பத் திரும்பக் கறுப்படிக்கச் சொன்னார்கள் என்று 2017இல் வழக்குப் போட்டார். 2021 பிப்ரவரியில் தீர்ப்பு. அவர் பள்ளிக்கு வராமல் நின்றபோது வருகைப் பட்டியலில் பெயரை எடுத்ததும், வகுப்பில் மேசையை அகற்றியதும் தவறு என்று 3,30,000 யென் இழப்பீடு. டை அடிப்பதைத் தடுக்கும் விதி மட்டும் செல்லும் என்றது நீதிமன்றம். டோக்கியோவின் மாநகர உயர்நிலைப் பள்ளிகள் கறுப்புமுடிக் கட்டாயத்தை 2022 ஏப்ரல் முதல் கைவிட்டன.

வேலையிடத்தில் தளர்வு வந்தது மனமாற்றத்தால் மட்டுமல்ல. ஆள் பஞ்சமும் ஒரு காரணம். ஜப்பான் ஸ்டார்பக்ஸ் 2021இல் ஊழியர்களின் முடி நிறத்துக்கு இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. டான் கிஹோடே என்ற மலிவுவிலைக் கடைத்தொடர் 2022இல் எந்த நிறமும் சரி என்றது. பச்சை, ஊதா, ரோஸ் என்று பணியாளர் தலைகள் கடைச்சரக்குக்குப் போட்டியாக மின்னுகின்றன. பகுதிநேர வேலைக்கு வரும் மாணவருக்கு அங்கே ஊதா முடி சரி. அதே மாணவர் மூன்றாம் வருடம் மார்ச்சில் ஸ்ப்ரே வாங்க வரிசையில் நிற்பார், சில சமயம் அதே கடையில்.

காலணிக்கு இந்த வாரம் இடமில்லை. குதிகால் செருப்பைப் பெண்கள் மீது திணிக்கக் கூடாது என்று 2019 ஜூனில் நடிகையும் எழுத்தாளருமான இஷிகாவா யூமி தொழிலாளர் அமைச்சகத்துக்குக் கொண்டுபோன மனு, அதற்கு அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்ன பதில், அடுத்த வருடம் ஜப்பான் ஏர்லைன்ஸ் மாற்றிக்கொண்ட விதி எல்லாம் மேசைமேல் தயாராக இருக்கின்றன. வேறு அளவுகோல் எதுவும் குறுக்கே வராவிட்டால் அடுத்த இதழில்.

(தொடரும்)