கைப்பிடி அரிசி

திருக்குறளின் பதினோராவது அதிகாரம் செய்ந்நன்றியறிதல். பள்ளியில் நாம் அனைவரும் மனனம் செய்ததுதான். அங்கே நன்றி என்பது ஒருவர் நமக்குச் செய்த நன்மை. அதை மறவாமல் அறிந்திருப்பதையே இன்று நாம் நன்றியுணர்வு என்கிறோம். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இந்தப் பொருள் சமையலறையிலேயே விளங்கிவிட்டது.

குளுவாங்கில் என் பாட்டி உலை வைக்கும்போதெல்லாம், அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து மைலோ டின்னில் போடுவார். டின் நிறைந்ததும் அது தேவாலயத்திற்குக் காணிக்கையாகப் போகும். பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. மாதக் கடைசியில் அரிசி குறையும், கைப்பிடி குறையாது. சாப்பிட்டு மிஞ்சியதைக் கொடுப்பதல்ல இது. போதுமா போதாதா என்று தெரியும் முன்பே எடுத்து வைப்பது.

இவ்வழக்கத்தை வலியுறுத்தியவர்களில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர். 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1910-இல், எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேசினார். அப்போது வயது 35. மேலைநாட்டு மிஷனரிகளின் உழைப்பை இந்தியத் திருச்சபை தலைமுறை தலைமுறையாக நன்றியோடு நினைக்கும் என்றார். பொருளைத் தந்தார்கள், உயிரையும் தந்தார்கள் என்று மனமார ஒப்புக்கொண்டார். பிறகுதான் தன் கோரிக்கையை வைத்தார்: எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள். வெள்ளையர் இந்திய ஊழியர்களோடு சமமாகப் பழகுவதில்லை என்பது அவர் குறை. கேட்டவர்களில் பலருக்கு அது உறுத்தியது. என் பார்வையில், அந்தப் பேச்சில் நன்றியும் குறையும் ஒன்றையொன்று வெட்டவில்லை. நன்றியுள்ளவன் என்பதால்தான் அவரால் உரிமையோடு கேட்க முடிந்தது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சம்பள உயர்வு கேட்டவர்களிடம், "சோறு போட்ட தோட்டத்துக்கு நன்றி வேண்டாமா?" என்று ஒரு கிராணி கேட்டதை எங்கள் வீட்டில் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று உபகாரச் சம்பளம் பெறும் மாணவரிடமும் இதே கேள்வி வேறு சொற்களில் வருகிறது. வாயை அடைப்பதற்கு நன்றியைப் பயன்படுத்துவது எளிது. (கடன்காரனைக் கூட இவ்வளவு மிரட்டுவதில்லை!)

லூக்கா நற்செய்தியின் 17-ஆம் அதிகாரத்தில் இயேசு பத்துத் தொழுநோயாளிகளைக் குணமாக்குகிறார். திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவனே. அவனும் யூதர் ஒதுக்கிவைத்த சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்கிறார், உண்மைதான். ஆனால் அவர்கள் பெற்ற சுகம் திரும்பப் பறிக்கப்பட்டதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. வந்தவன் விலை கொடுக்க வரவில்லை. தனக்கு நடந்தது இன்னதென்று அறிந்ததால் வந்தான்.

அசரியா பேராயராகப் பணியாற்றிய தோர்ணக்கல் தெலுங்கு நாட்டில் உள்ளது. அங்கே திருச்சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தீண்டாமைக்கு ஆளான கூலித் தொழிலாளர்கள். அவர்களிடம் போய்க் காணிக்கை கேட்கலாமா என்று நமக்குத் தோன்றும். அவர் கேட்டார். வாங்குவதற்கு மட்டுமே கை நீட்டிப் பழக்கப்பட்ட அந்தப் பெண்கள், உலைக்கு முன்னால் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, ஆலயத்திற்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.