முள் கடிகாரம் பார்க்க நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டுமா?

"மணி என்ன?" என்று கேட்டால் நம் பிள்ளைகளில் பலர் இன்று சுவரைப் பார்ப்பதில்லை, கைப்பேசியைத் தேடுகிறார்கள். தலைக்கு மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தாலும் அதை அண்ணாந்து பார்க்கும் பழக்கம் இல்லை. பார்த்தாலும் சின்ன முள்ளையும் பெரிய முள்ளையும் சேர்த்து வாசிக்கத் தடுமாறுகிறார்கள். பெற்றோர் சிலர் இதைக் கண்டு வருந்துகிறார்கள். வேறு சிலர், "எல்லாம் எண்ணாகவே தெரியும்போது முள் எதற்கு ஹஜ்ரத்?" என்று கேட்கிறார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. எனவே இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் நடந்தது

இந்தக் கேள்வி உலக அளவில் பேசப்பட்டது 2018ஆம் ஆண்டில். இங்கிலாந்தில் பதினாறு வயது மாணவர்கள் ஜி.சி.எஸ்.இ. என்னும் பொதுத் தேர்வை எழுதுகிறார்கள். அந்தத் தேர்வுக் கூடங்களில் இருந்த முள் கடிகாரங்களைச் சில பள்ளிகள் கழற்றிவிட்டு டிஜிட்டல் கடிகாரங்களை மாட்டின. இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மாணவர்களுக்குப் புரியாமல் பதற்றம் உண்டாகிறது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பள்ளி, கல்லூரித் தலைவர்களின் சங்கத்தில் பொறுப்பில் இருந்த மால்கம் ட்ரோப் இதை வெளிப்படையாகவே பேசினார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. இங்கிலாந்தின் பாடத்திட்டத்தில் முள் கடிகாரம் இல்லாமல் இல்லை. முதல் வகுப்பில் முழு மணியும் அரை மணியும், இரண்டாம் வகுப்பில் ஐந்து ஐந்து நிமிடமாகவும் வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் ரோமன் எண் போட்ட கடிகாரமும் வருகிறது. ஆறு, ஏழு வயதில் கற்ற பிள்ளைகளே பதினாறு வயதில் தடுமாறினார்கள். கற்றது அன்றாடம் கண்ணுக்கும் கைக்கும் வராமல் போனதுதான் காரணம். குர்ஆன் ஓதி முடித்த பிள்ளை அதன்பின் முஸ்ஹபைத் தொடாமல் இருந்தால் ஐந்தாறு வருடத்தில் எழுத்துக்கூட்டும் நிலைக்கு வந்துவிடுவதை மக்தபில் நாம் பார்க்கிறோம். கடிகாரமும் அப்படித்தான்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 2025 செப்டம்பர் முதல் பள்ளி நேரம் முழுவதும் கைப்பேசிக்குத் தடை வந்தது. கையில் கைப்பேசி இல்லாதபோது சுவர்க் கடிகாரம் புரியாமல் பிள்ளைகள் ஆசிரியரிடம் மணி கேட்கும் நிலை அங்கும் செய்தியானது.

இரண்டு கடிகாரமும் சொல்வது ஒன்றா?

மணி இப்போது என்ன என்பது மட்டுமே கேள்வி என்றால் டிஜிட்டல் கடிகாரமே போதும். சொல்லப்போனால் அதுவே சிறந்தது. ஸஹர் முடியும் நேரம் 4.52 என்று அட்டவணையில் இருந்தால் 4.51க்கும் 4.52க்கும் உள்ள வேறுபாட்டை எண் பளிச்சென்று காட்டும். முள்ளைப் பார்த்து ஒரு நிமிடத்தைத் துல்லியமாகச் சொல்வது பெரியவர்களுக்கே சிரமம். ரயில் நேரம், மருந்து நேரம் போன்றவற்றிலும் இதே நிலைதான்.

ஆனால் நாம் கடிகாரத்தைப் பார்ப்பது பெரும்பாலும் வேறொன்றை அறிவதற்காக. "இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது?" என்பதே அந்தக் கேள்வி.

மணி 1.47. பேருந்து 2.15க்கு. இடையில் எவ்வளவு நேரம்? எண்ணை மட்டும் பார்க்கும் பிள்ளை 215இலிருந்து 147ஐக் கழித்து 68 என்று சொல்லக்கூடும். மணிக்கு நூறு நிமிடம் இல்லை, அறுபது நிமிடம் என்பது மனதில் பதியாததால் வரும் பிழை இது. சரியான விடை 28 நிமிடம். முள் கடிகாரத்தில் இதே கேள்விக்குக் கழித்தல் தேவைப்படாது. பெரிய முள் 9ஐத் தாண்டி நிற்கிறது, அது 3க்குப் போக வேண்டும். கிட்டத்தட்ட அரை வட்டம், அதாவது அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கண்ணே கணக்கைப் போட்டுவிடுகிறது.

டிஜிட்டல் கடிகாரம் காலத்தை ஒரு புள்ளியாகக் காட்டுகிறது. முள் கடிகாரம் கடந்தது எவ்வளவு, மீதம் எவ்வளவு என்று அளவாகக் காட்டுகிறது. பிள்ளைகள் கற்க வேண்டியது இந்த அளவு உணர்வைத்தான்.

வக்த் என்பது ஒரு நீளம்

தொழுகை நேரத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தொழுகையின் வக்துக்கும் தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு. சூரியன் உச்சி சாய்ந்ததும் லுஹர் தொடங்குகிறது. உச்சி நேரத்து நிழலைக் கழித்து, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தளவு வளர்ந்ததும் ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் தொடங்குகிறது. ஹனஃபி மத்ஹபில் அந்த நிழல் இருமடங்காக வேண்டும். ஆக, நம் முன்னோர் நேரத்தை அளந்ததே நீளத்தைக் கொண்டுதான். கடிகார முள்ளும் அந்த நிழலின் வாரிசே. பூமத்திய ரேகைக்கு வடக்கே சூரியக் கடிகாரத்தின் நிழல் நகரும் திசையையே இயந்திரக் கடிகாரத்தின் முள்ளும் எடுத்துக்கொண்டது.

கைப்பேசிச் செயலியில் "அஸர் 3.42" என்று ஓர் எண் வருகிறது. அது தொடக்கத்தை மட்டும் சொல்கிறது. "மஃக்ரிபுக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது, விளையாடிக்கொண்டே அஸரைக் கடைசி வரை தள்ளிவிட்டோமா?" என்ற உணர்வு அந்த எண்ணில் இருந்து பிள்ளைக்கு எளிதில் வருவதில்லை. சுவர்க் கடிகாரத்தில் முள் இறங்குவதைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு வக்த் குறைந்துகொண்டே வருவது கண்ணுக்குத் தெரியும்.

நம் பள்ளிவாசல்கள் பலவற்றில் ஜமாஅத் நேரப் பலகை இருக்கும். ஐந்து வக்துக்கும் ஜும்ஆவுக்கும் தனித்தனியாகச் சிறு கடிகார முகங்கள். அவை ஓடுவதில்லை. நேரம் மாறும்போது மோதினார் முள்ளைக் கையால் திருப்பி வைப்பார். லுஹர் வட்டத்தில் சின்ன முள் 1ஐச் சற்றுத் தாண்டி, பெரிய முள் 3இல் நின்றால் ஒன்றே காலுக்கு ஜமாஅத். இப்போது பல ஊர்களில் அந்த இடத்தில் சிவப்பு எண்கள் ஒளிரும் மின்பலகை வந்துவிட்டது. வசதிதான், குறை சொல்ல எதுவும் இல்லை. பழைய பலகை இன்னும் இருக்கும் பள்ளிவாசலில் மட்டும், அதை வாசிக்கத் தெரியாமல் ஒரு பிள்ளை ஜமாஅத்தைத் தவறவிடக் கூடாது.

கருவி மாறுவது குற்றமா?

"முள் கடிகாரம் போனால் உலகமே போய்விடும்" என்று பேசுவதும் சரியல்ல. முஸ்லிம்கள் நேரம் பார்க்கும் கருவிகளை மாற்றிக்கொண்டே வந்தவர்கள். திமிஷ்கின் உமையாப் பள்ளிவாசலில் நேரம் கணிக்கும் முவக்கித் பொறுப்பில் இருந்த இப்னுஷ் ஷாதிர், 1371இல் அதன் மினாராவுக்குச் சூரியக் கடிகாரம் செய்துகொடுத்தார். அதற்கு முன்பே, 1206இல் அல்ஜஸரீ தம் நூலில் நீர்க் கடிகாரங்களின் அமைப்பை விளக்கியிருந்தார். உஸ்மானியர் ஆட்சியில், மஃக்ரிபில் நாள் தொடங்குகிறது என்பதால் சூரியன் மறையும் நேரத்தைப் பன்னிரண்டு மணியாக வைத்தே முள் கடிகாரத்தை ஓட்டினார்கள். துருக்கி அந்த முறையை 1926இல்தான் கைவிட்டது.

இன்று நமக்கு அஸ்தர்லாபைப் பார்த்து நேரம் சொல்லத் தெரியாது. அதனால் நம் தொழுகைக்குக் குறை வந்துவிடவில்லை. எனவே முள் கடிகாரம் தெரியாத பிள்ளையை "இதுகூடத் தெரியாதா?" என்று பிறர் முன் கேலி செய்வது கூடாது. சொல்லிக்கொடுக்காதது அந்தப் பிள்ளையின் தவறா?

அப்படியானால் ஏன் கற்க வேண்டும்? அஸ்தர்லாப் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. முள் கடிகாரம் இன்னும் பள்ளிக்கூடம், மருத்துவமனை, ரயில் நிலையம் எனச் சுவர்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. மக்காவில் ஹரமை ஒட்டிய கோபுரத்தில் 2010 முதல் ஓடும் கடிகாரத்தின் முகமே 43 மீட்டர் குறுக்களவு. கற்க ஆகும் உழைப்போ சில வாரங்கள்தான்.

தேர்வறையில்

2025ஆம் ஆண்டின் நீட் தேர்வை எடுத்துக்கொள்வோம். பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை, 180 நிமிடத்தில் 180 கேள்விகள். அவற்றில் உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. கைப்பேசி மட்டுமல்ல, கைக்கடிகாரமும் உள்ளே கொண்டுபோக முடியாது. மாணவருக்கு நேரம் சொல்வது அறையில் உள்ள கடிகாரமும் மேற்பார்வையாளரின் குரலும்தான்.

முள் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்தச் சுவர்க் கடிகாரமே துணை. 2இலிருந்து 5 வரை சின்ன முள் நடப்பது சரியாகக் கால் வட்டம். அதில் பாதி, 3க்கும் 4க்கும் நடுவே முள் நிற்கும் இடம். உயிரியலை முதலில் எழுதும் பிள்ளை, ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் அதற்குள் 90 கேள்விகளையும் முடித்திருக்க வேண்டும். முடிக்கவில்லை என்றால் வேகம் கூட்ட வேண்டும். ஒரு பார்வையில் இது தெரிந்துவிடும். தெரியாத பிள்ளை ஒவ்வொரு முறையும் முள்ளை எண்ணிக் கணக்குப் போட்டு, அதிலேயே நிமிடங்களை இழக்கும். இரண்டு வருடம் உழைத்துப் படித்த பிள்ளைக்கு இந்தச் சிறு விஷயத்தால் இழப்பு வரலாமா?

கால், அரை, முக்கால்

மொழியும் இதில் இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் "ஒன்பதே கால்", "ஒன்பதரை", "ஒன்பதே முக்கால்" என்றே நேரம் சொல்வார்கள். எண்ணை மட்டும் அறிந்த பிள்ளைக்கு 9.45க்கும் "முக்கால்" என்ற சொல்லுக்கும் தொடர்பு விளங்காது. வட்டத்தை நான்காகப் பகுத்துப் பார்த்தால் உடனே விளங்கும். தமிழில் பின்னம் படிக்கவும் இதைவிட நல்ல கருவி கிடைக்காது.

திசை சொல்வதற்கும் கடிகாரம் வேண்டும். கஅபாவை இடப்பக்கம் வைத்துத் தவாஃப் சுற்றுவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை என்று ஹஜ் வகுப்புகளில் விளக்குகிறோம். முள் ஓடும் திசையை அறியாத பிள்ளைக்கு அந்த விளக்கம் பயன்படாது.

எப்படிக் கற்றுக்கொடுப்பது?

முதலில் சின்ன முள்ளை மட்டும் காட்டுங்கள். ஐரோப்பாவின் பழைய கடிகாரங்களில் மணி முள் மட்டுமே இருந்தது. 1656இல் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை அமைத்த பின்னரே நிமிட முள் பரவலானது. பிள்ளைக்கும் அதே வரிசை எளிது. பழைய கடிகாரம் ஒன்றில் பெரிய முள்ளைக் கழற்றிவிட்டு, "முள் 7ஐத் தாண்டிவிட்டதா, 8ஐத் தொடப் போகிறதா?" என்று கேளுங்கள். "ஏழு மணி தாண்டியது", "எட்டாகப் போகிறது" என்று சொல்லப் பழகட்டும்.

அடுத்து பெரிய முள். ஐந்தாம் வாய்ப்பாடு தெரிந்தால் போதும். 1 என்றால் 5 நிமிடம், 2 என்றால் 10, 3 என்றால் 15. கால், அரை, முக்கால் மூன்றும் பதிந்தபின் மற்றவை தானாக வரும்.

பிள்ளைகள் அதிகம் தவறும் இடம் ஒன்று உண்டு. 3.50க்குச் சின்ன முள் 4ஐ நெருங்கி நிற்கும். அதைப் பார்த்து 4.50 என்று வாசித்துவிடுவார்கள். "4ஐத் தொட்டதா, இன்னும் தொடவில்லையா?" என்று கேட்டால் தானே திருத்திக்கொள்வார்கள்.

பிறகு அன்றாடப் பழக்கம். கூடத்தில் எண் தெளிவாக உள்ள சுவர்க் கடிகாரம் ஒன்றை மாட்டுங்கள். "மணி என்ன?" என்று கேட்பதைவிட, "இகாமத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது?" என்று கேளுங்கள். மக்தபில் உஸ்தாதுமார்களும் தினம் ஒரு பிள்ளையை எழுப்பிக் கேட்கலாம். பள்ளிவாசலில் நேரப் பலகையின் முள்ளை மாற்றும்போது மோதினார் ஒரு சிறுவனை அருகில் அழைத்து, அவன் கையாலேயே திருப்பச் சொல்லலாம்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. மணி பார்க்கக் கைப்பேசியை எடுப்பவர் மணியோடு நிறுத்துவதில்லை. அறிவிப்பு ஒன்று கண்ணில் படும், விரல் அதைத் தொடும், கால் மணி நேரம் போய்விடும். சுவர்க் கடிகாரம் மணியைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடும். இது பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல, நமக்கும் பொருந்தும்.

வரும் விடுமுறைக்குள் வீட்டில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் முள் கடிகாரம் வாசிக்கிறதா என்று பெற்றோர் ஒரு முறை சோதித்துப் பாருங்கள். தெரியாவிட்டால் கோபப்படாமல் அருகில் அமர்த்திச் சொல்லிக்கொடுங்கள். நமக்குக் கொடுக்கப்பட்ட நேரத்தின் அளவை அறிந்து, அதை வீணாக்காமல் வாழும் நற்பேற்றை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.