வலையமைப்புப் படக்கருவி

வலையமைப்புப் படக்கருவி அல்லது ஐபி கேமரா என்பது, தான் எடுக்கும் நிகழ்படத்தை எண்முறைத் தரவாகக் கணினி வலையமைப்பின் வழியே அனுப்பும் கண்காணிப்புக் கருவி ஆகும். பழைய மூடிய சுற்றுத் தொலைக்காட்சி முறையில் ஒவ்வொரு படக்கருவியிலிருந்தும் பதிவுக் கருவிக்குத் தனிக் கம்பி செல்லும். ஐபி கேமராவோ செயலி, நினைவகம், இயக்குதளம் ஆகியவற்றைக் கொண்ட சிறு கணினி ஆகும். எனவே பிற கணினிகளைப் போலவே அதற்கும் முகவரியும் கடவுச்சொல்லும் தேவைப்படுகின்றன.

வரலாறு

காப்பிப் பாத்திரத்தில் காப்பி உள்ளதா என இருக்கையிலிருந்தே அறிவதற்காக, கேம்பிரிட்ச் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தினர் 1991 இல் ஒரு படக்கருவியின் காட்சியைத் தம் உள்ளக வலையமைப்பில் கிடைக்கச் செய்தனர். அப்படக்கருவி ஒரு கணினியின் வழியாகவே இணைக்கப்பட்டிருந்தது. இடையில் கணினியின்றி நேரடியாக இணையும் நெட்-ஐ 200 என்னும் படக்கருவியை, சுவீடனின் ஆக்சிசு கம்யூனிகேசன்சு நிறுவனம் 1996 இல் வெளியிட்டது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் இயைந்து செயல்படுவதற்கான ஆன்விஃப் அமைப்பு 2008 இல் தொடங்கப்பட்டது.

இணைக்கும் முறை

படக்கருவி ஈதர்நெட் கம்பி மூலமாகவோ வைஃபை மூலமாகவோ ரவுட்டருடன் இணைக்கப்படுகிறது. 2003 இல் வெளியான ஐஇஇஇ 802.3ஏஎஃப் சீர்தரத்தின்படி, தரவு செல்லும் ஈதர்நெட் கம்பியிலேயே 15.4 வாட்டு வரை மின்சாரமும் வழங்கலாம். கம்பியின் நீளம் 100 மீட்டருக்கு மிகாமல் இருத்தல் வேண்டும்.

இணைத்தவுடன், ரவுட்டரின் டிஎச்சிபி சேவை படக்கருவிக்கு 192.168.1.20 போன்ற ஐபி முகவரி ஒன்றை வழங்கும். இம்முகவரி பின்னர் மாறினால் பதிவுக் கருவியால் படக்கருவியைக் கண்டறிய இயலாமல் போகலாம். ஆகையால் நிலையான முகவரி ஒதுக்குவது வழக்கம். பல படக்கருவிகளில், உலாவியில் அம்முகவரியை உள்ளிட்டு அமைப்புகளை மாற்றலாம். நிகழ்படம் பெரும்பாலும் ஆர்டிஎசுபி நெறிமுறைப்படி 554 ஆம் துறை வழியாகப் பெறப்படுகிறது.

பாதுகாப்பு

192.168 எனத் தொடங்கும் முகவரிகள் உள்ளக வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டவை. இணையத்திலுள்ள பிற கணினிகள் அவற்றை நேரடியாக அணுக இயலாது. வெளியூரிலிருந்து பார்க்கும் வசதிக்காக ரவுட்டரில் ஒரு துறை திறந்துவிடப்படும்போது இத்தடை நீங்குகிறது. அப்போது கடவுச்சொல்லும் தயாரிப்பாளர் இட்டதாகவே இருந்தால், வீட்டைக் காக்க வைத்த கருவியே அயலாருக்கு வீட்டைக் காட்டிக்கொடுக்கும்.

2016 இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், தயாரிப்பாளர்கள் இட்ட ஏறத்தாழ 60 பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை முயன்று பார்த்தே பல இலட்சம் கருவிகளில் நுழைந்தது. அவற்றுள் ஐபி கேமராக்களும் இருந்தன. அத்தகைய கருவிகளைக் கொண்டு 2016 அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனத்தின் ஆள்களப் பெயர் சேவை தாக்கப்பட்டது. இதனால் டுவிட்டர் உள்ளிட்ட பல தளங்களை அமெரிக்காவின் பல பகுதிகளில் அணுக இயலவில்லை. ஐக்கிய இராச்சியத்தில், இணையத்துடன் இணையும் நுகர்வோர் கருவிகளை ஒரே பொதுக் கடவுச்சொல்லுடன் விற்பது 2024 ஏப்ரல் 29 முதல் சட்டப்படி தடை செய்யப்பட்டது.

எனவே முதலில் கடவுச்சொல்லை மாற்றுவதும், நிலைப்பொருளை இற்றைப்படுத்துவதும், படக்கருவிகளைப் பிற கணினிகளிலிருந்து பிரித்துத் தனி வலையமைப்பில் வைப்பதும் பரிந்துரைக்கப்படுகின்றன. வெளியிலிருந்து பார்க்க வேண்டுமாயின், துறையைத் திறப்பதற்கு மாறாக மெய்நிகர் தனியார் வலையமைப்பைப் பயன்படுத்தலாம்.