உஷார்! யாங்கூனில் துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போடச் சொல்கிறார்களா?

யாங்கூனில் வாழும் நம் மக்களுக்கும், அங்கே உறவு வைத்திருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கும் அவசரமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. ரத்தான துப்பாக்கி லைசென்ஸை டவுன்ஷிப் கோர்ட்டில் மனுப் போட்டுத் திரும்ப வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வக்கீலோ புரோக்கரோ, யார் கேட்டாலும் பணம் கொடுக்காதீர்கள், எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பறிபோன லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரத்தை மியான்மர் நாட்டு ஆயுதச் சட்டம் கோர்ட்டுக்குக் கொடுக்கவே இல்லை.

அமெரிக்காவில் செய்கிறார்களே என்று கேட்பார்கள். செய்கிறார்கள்தான். வர்ஜீனியா மாநிலத்தில் பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ஒருவர், முதலில் ஆளுநரிடம் குடிமை உரிமைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பிறகு சர்க்யூட் கோர்ட்டில் துப்பாக்கி உரிமைக்கு மனுப் போடலாம். துப்பாக்கி வைத்திருப்பதை அங்கே அரசியல் சாசனமே உரிமை என்கிறது. தமிழ்நாட்டில் அது உரிமை இல்லை, வெறும் அனுமதி. ஆனாலும் கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ லைசென்ஸை ரத்து செய்தால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி காரணத்தை எழுதி வைக்க வேண்டும். 18ஆவது பிரிவில் மேல்முறையீடு உண்டு. அதுவும் கைவிட்டால் ஹைகோர்ட்டில் ரிட் போடலாம். வன்முறைக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனவர்கூட, தண்டனை முடிந்து 5 ஆண்டு கழிந்தால் மறுபடி விண்ணப்பிக்கத் தடையில்லை.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு யாங்கூன் கோர்ட்டுக்குள் நுழைவதுதான் ஆபத்து. அங்கே இன்னும் உயிரோடு இருப்பது 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். வைஸ்ராய் லிட்டன் காலத்தில், பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் போட்ட அதே சட்டம். இந்தியா 1959இல் புதுச் சட்டம் எழுதி அதைக் கழற்றிப் போட்டது. 1937இல் பிரிந்துபோன பர்மா, அதாவது இன்றைய மியான்மர், அதை வைத்துக்கொண்டது. அதன் 18ஆவது பிரிவைப் படித்தால் வயிறு கலங்கும். லைசென்ஸ் கொடுத்த அதிகாரி, பொது அமைதிக்கு அவசியம் என்று பட்டால் ரத்து செய்யலாம். இந்தச் சட்டத்தின்கீழ் ஒருவரைத் தண்டிக்கும் நீதிபதியும் ரத்து செய்யலாம். இது போதாதென்று, அரசாங்கம் ஒரே ஓர் அறிவிப்பில் ஒரு பகுதியின் மொத்த லைசென்ஸ்களையும் ரத்து செய்துவிடலாம். பறிக்க மூன்று வழி இருக்கிறது. கோர்ட் திருப்பிக் கொடுக்க ஒரு வரிகூட இல்லை.

ரிட் போடலாமே என்பார்கள். 2008 அரசியல் சாசனப்படி ரிட் பிறப்பிக்கும் அதிகாரம் தலைநகர் நேப்பிடோவில் இருக்கும் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான். யாங்கூனில் எந்த டவுன்ஷிப் கோர்ட்டுக்கும் அது கிடையாது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட இடங்களில் அந்த மனுக்களையும் நிறுத்தி வைக்க 296ஆவது பிரிவே இடம் கொடுக்கிறது. ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரி 1 முதல் 2025 ஜூலை வரை நாடு முழுவதுமே நெருக்கடி நிலையில்தான் கிடந்தது.

அப்படியானால் துப்பாக்கி யாருக்குக் கிடைக்கிறது? 2023 தொடக்கத்தில் உள்துறை அமைச்சகத்தின் ஆவணம் ஒன்று வெளியே வந்தது. 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும், நாட்டுக்கு விசுவாசமானவராக இருக்க வேண்டும், நல்லொழுக்கம் உள்ளவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட குடிமக்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் என்றது அது. விசுவாசத்தை அளந்து சொல்பவர்கள் யார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 1887இல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மாநாடு இதே 1878ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தளர்த்தக் கேட்டபோது, மக்களின் விசுவாசத்தைத்தான் காரணமாக எடுத்து வைத்தது. பிரிட்டிஷார் காது கொடுக்கவில்லை. 1930இல் காந்தி வைஸ்ராய் முன் வைத்த 11 கோரிக்கைகளிலும் தற்காப்புத் துப்பாக்கிக்கான லைசென்ஸ் இருந்தது. ஆள்பவர் தருவதாகவே அன்றும் அது இருந்தது, இன்றும் இருக்கிறது.

அந்த 2023 ஆவணத்தில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. லைசென்ஸ் வாங்கியவர்கள், உள்ளூர் அதிகாரிகள் கூப்பிட்டால் பாதுகாப்பு வேலைக்கும் சட்டம் ஒழுங்கு வேலைக்கும் போய் நிற்க வேண்டும். என்னை அதிகம் பயமுறுத்துவது இதுதான். வீட்டையும் கடையையும் காக்க என்று நீங்கள் கேட்ட துப்பாக்கி, உங்களையே ஒரு தரப்பின் ஆளாக்கித் தெருவில் நிறுத்திவிடும். 2021க்குப் பிறகு யாங்கூனில் வார்டு நிர்வாகிகளும், தகவல் கொடுப்பவர்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். கையில் லைசென்ஸ் இருந்தால் நீங்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடலாம். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் அமலுக்கு வந்து, 18 முதல் 35 வயது வரையுள்ள ஆண்களைக் கூப்பிடுகிறார்கள். இந்த நேரத்தில் பெயர், முகவரி, வயது எல்லாம் எழுதி, துப்பாக்கி பிடிக்கத் தயார் என்று நீங்களே ஒரு மனுவைக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா? வீட்டில் வளர்ந்த பையன் இருந்தால் ஒருமுறைக்கு நூறுமுறை யோசியுங்கள்.

லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது இதைவிடக் கொடுமை. 2017 ஜனவரி 29 அன்று யாங்கூன் விமான நிலைய வாசலில் வழக்கறிஞர் ஊ கோ நீயைச் சுட்டுக் கொன்றவனுக்கு, கொலைக்கு மரண தண்டனை கொடுத்த கோர்ட், சட்டவிரோத ஆயுதத்துக்குத் தனியாகவும் தண்டனை கொடுத்தது. துப்பாக்கி விஷயத்தில் அந்த ஊர்க் கோர்ட்டுக்கு இருக்கும் வேலை அதுதான். அதுகூட சாதாரணக் கோர்ட். 2021 மார்ச்சில் லைங்தாயா, ஷ்வேபிதா, வடக்கு தகோன், தெற்கு தகோன், தகோன் செய்க்கான், வடக்கு ஒக்கலப்பா ஆகிய 6 டவுன்ஷிப்களில் ராணுவச் சட்டம் போட்டபோது, வழக்குகள் ராணுவ நீதிமன்றத்துக்குப் போயின. அதன் தீர்ப்புக்கு மேல்முறையீடு இருக்கவில்லை. மரண தண்டனை என்றால் மட்டும் ராணுவ ஆட்சித் தலைவரிடம் மனுச் செய்ய முடிந்தது.

ஆகவே பழைய டிரங்குப் பெட்டியில் தாத்தா காலத்து லைசென்ஸ் தாளோ, துருப்பிடித்த துப்பாக்கியோ கிடைத்தால், அதைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கோ கோர்ட்டுக்கோ கிளம்பாதீர்கள். வழியில் சோதனைச் சாவடி இருக்கும். போட்டோ எடுத்துப் போனில் வைக்காதீர்கள், போனைத்தான் முதலில் பார்க்கிறார்கள். வீட்டிலேயே மறைத்து வைக்கலாம் என்றும் எண்ணாதீர்கள். இரவு தங்கும் விருந்தாளியை வார்டு நிர்வாகியிடம் பதிய வேண்டும் என்ற விதியை 2021 பிப்ரவரியில் மீண்டும் கொண்டுவந்தார்கள். வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் வந்து தேடக் கூடாது என்றிருந்த பாதுகாப்பையும் அதே மாதம் நிறுத்தி வைத்தார்கள். விருந்தாளிப் பதிவைப் பார்க்கும் சாக்கில் நள்ளிரவுச் சோதனை எந்த வீட்டுக்கும் வரலாம். குடும்பத்துக்குப் பல காலம் பழக்கமான வக்கீல் ஒருவரிடம் நேரில், வாய்மொழியாக, அன்றைக்கே பேசிவிடுங்கள். பொருளை எப்படி ஒப்படைப்பது என்று அவர் சொல்லும்வரை அதைத் தொடாதீர்கள்.

சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாங்கூன் போகிறவர்கள், முக்கியமாக லைசென்ஸ் வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள், பையின் எல்லா அறைகளையும் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். மறந்துபோன ஒரு தோட்டா போதும். சாவிக்கொத்தில் தொங்கும் வெற்றுத் தோட்டாவையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். எப்படியோ மாட்டிக்கொண்டால், மொழி புரியாத எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்துப் போடாமல், மெர்ச்சன்ட் தெருவில் இருக்கும் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி முதல் வார்த்தையாகக் கேளுங்கள். வேறு நாட்டுக் குடிமகன் என்றால் உங்கள் தூதரகத்தைக் கேளுங்கள். அந்தத் தொலைபேசி எண்ணைப் போனில் மட்டும் வைக்காமல், ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.