படியில்லாக் கோபுரம்

உயரத்தில் நின்று ஊரைப் பார்க்க வேண்டுமென்னும் ஆசை சிறுவர்க்கும் உண்டு, முதியவர்க்கும் உண்டு. சிறுவனைத் தந்தை தோளில் ஏற்றிக் காட்டுவார். முதியவரை ஏற்றிக் காட்டுவார் யார்?

என் மூத்த தமக்கையார் அறுபதைத் தாண்டியவர். இலண்டனில் வாழும் அவர் மகன் எங்கள் இருவரையும் அழைத்து, ஐரோப்பாவிலே ஒரு பழைய நகரத்தையேனும் காட்ட விரும்பினான். நகரைத் தேரும் பொறுப்பு என்னிடம் வந்தது. வரலாறு கற்பிப்பவனாதலால் கோபுரம் ஒன்றையே என் மனம் நாடிற்று. அக்காவோ முழங்காலைத் தடவிக்கொண்டு, "தம்பி, நீங்கள் ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கோ. நான் கீழே இருந்து பைகளைப் பார்த்துக்கொள்ளுறன்" என்றார்.

அச்சொல் என் நெஞ்சை உறுத்தியது. இளையவர்களாகிய நாங்கள் படிக்க வேண்டுமென்று தம் படிப்பை இடையிலே நிறுத்தியவர் அவர். நாங்கள் ஏற, அவர் கீழேயே நின்றார். இம்முறையும் அவ்வாறாகக் கூடாதென்று துணிந்தேன்.

பீசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தை முதலில் எண்ணினேன். அங்கே இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட படிகள், அவையும் தேய்ந்தவை. அதனைக் கைவிட்டுத் தேடியபொழுது கிடைத்ததே ஸ்பெயின் தேசத்துச் செவில்லா நகரின் ஹிரால்டாக் கோபுரம்.

அக்கோபுரம் பள்ளிவாசலின் மினாராவாகப் பிறந்தது. அல்மொகது மரபினரான அபூ யாக்கூப் யூசுப் 1184ஆம் ஆண்டிலே அதனைத் தொடங்கினார். அவர் மைந்தர் காலத்தில், 1198இலே, அது நிறைவெய்தியது. அடித்தளத்தில் உரோமர் காலத்துக் கல்வெட்டுக் கற்களையும் காணலாம். மோதினார் பாங்கு சொல்வதற்கு நாள்தோறும் ஐந்து முறை மேலே செல்ல வேண்டுமல்லவா? ஆதலின், படிகளுக்குப் பதிலாக முப்பத்தைந்து சாய்தளங்களைச் சுற்றிச் சுற்றி அமைத்தனர். விலங்கின்மீது ஏறியே உச்சியை அடையத்தக்க அகலம் அவற்றுக்கு உண்டு. எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் செய்த அவ்வேற்பாடு, இன்று முழங்கால் நொந்தவர்க்கும் உதவுகின்றது!

1248இலே நகரம் கஸ்தீலிய மன்னர் கைக்கு மாறியது. மினாராவை இடித்துவிட்டே நகரை ஒப்படைப்போமென்று தோற்றவர் கூற, ஒரு செங்கல் பெயர்ந்தாலும் பொறுக்கமாட்டேனென்று வென்ற பக்கத்து இளவரசன் எச்சரித்தான் என்பது கர்ணபரம்பரைக் கதை. கதை எவ்வாறாயினும், கோபுரம் நின்றது. பள்ளிவாசல் இருந்த இடத்தில் பின்னர் பேராலயம் எழுந்தது, மினாரா மணிக்கூண்டாயிற்று. 1568இலே உச்சியில் நிறுவிய வெண்கலப் பெண்ணுருவம் காற்றின் திசைக்கேற்பச் சுழல்வது. சுழல்தலைக் குறிக்கும் சொல்லிலிருந்தே ஹிரால்டா என்னும் பெயரும் வந்தது.

மணிமாடத்தில் நின்றால் பேராலயத்தின் கூரை வளைவுகளும், கீழே தோடை மரங்கள் நிரைத்த முற்றமும், அல்காசர் அரண்மனைச் சோலையும், குவாதல்கிவீர் நதிப் பக்கமும் ஒருங்கே தோன்றும். பேராலயத்துக்குப் பெறும் நுழைவுச்சீட்டே கோபுரத்துக்கும் போதும். ஆடி, ஆவணியில் வெயில் நாற்பது பாகையையும் கடக்குமாதலால் அக்காலம் ஆகாது. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய புனித வாரத்திலே ஊர்வலங்களால் வீதிகள் நிறைந்துவிடும். அதனையும் தவிர்த்தல் நன்று. தோடை பூக்கும் இளவேனிலில், அவ்வாரம் நீங்கலாக ஒரு வாரநாளின் காலைப்பொழுதைத் தேர்ந்துள்ளோம். சாய்தளங்கள் எண்ணிடப்பட்டவை, திருப்பங்களிலே சாளரங்களும் உண்டு. ஐந்துக்கொரு முறை நின்று இளைப்பாறுவதென்பது எங்கள் திட்டம்.

ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. லிப்ட் அங்கே இல்லை. சாய்தளங்கள் முடிந்தபின் ஏறக்குறையப் பதினேழு படிகள் உண்டு. தயக்கத்தோடு அதனைச் சொன்னேன். அக்கா சிறிது நேரம் பேசாதிருந்தார். அன்று தொட்டு மாலைதோறும் கோயில் வீதியை மும்முறை சுற்றி நடக்கின்றார். வீட்டுத் திண்ணைப் படிகளையும் ஏறியிறங்கி எண்ணுகின்றார்.

நேற்று அவர் கேட்ட கேள்வி ஒன்றே: "அப்ப, பைகளை ஆர் பார்க்கிறது?"

பைகளை விடுதியிலே வைத்துவிட்டுப் போவோம் என்றேன்.