வண்டிக்கு அடியில் படுக்கத் தயாரா?

பழைய ஜீப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்வது பானெட்டைத் திறப்பது. விற்பவருக்கும் அது தெரியும். அதனால்தான் எஞ்சினை டீசல் அடித்துக் கழுவி, ஹோஸ் பைப்புகளுக்குப் பாலிஷ் போட்டு நிறுத்தியிருப்பார். உண்மையில், இந்த ரக வண்டிகளில் பயப்படத் தேவையில்லாத பகுதி எஞ்சின்தான். பிஸ்டன், ரிங், ஹெட் வேலை எல்லாம் எந்தத் தாலுகா ஊரிலும் நடக்கும். ஆகும் செலவையும் முன்கூட்டியே கேட்டுவிடலாம். எந்த மெக்கானிக்காலும் கட்டுபடியாகும் விலையில் திருத்த முடியாதவை இரண்டு: துருப்பிடித்த சேஸிஸ், வில்லங்கமான ஆர்.சி. புக். கையில் மூன்று நான்கு லட்சம் வைத்துக்கொண்டு ஃபோர் வீல் டிரைவ் வண்டி தேடுகிறவர் இந்த இரண்டையும் பார்த்த பிறகு எஞ்சின் பக்கம் வந்தால் போதும்.

இந்தத் தொகையில் புதிதாக எதுவும் கிடையாது. மாருதி ஜிம்னி 2023 ஜூனில் வந்தபோதே அதன் தொடக்க விலை 12.74 லட்சம், அதுவும் ஷோரூம் விலை. கொடைக்கானல் மேல்மலையிலோ வால்பாறைப் பக்கமோ ஏர்க்காட்டிலோ கொஞ்சம் தோட்டம் வைத்திருப்பவருக்கு, மழைக்காலத்தில் மண்பாதை ஏற ஒரு வண்டி வேண்டும் என்றால், பழைய ஜிப்ஸி அல்லது பழைய மஹிந்திரா ஜீப் என்பதுதான் நடைமுறைக் கணக்கு.

இரண்டுமே பழைய குடும்பங்கள். இரண்டாம் உலகப்போருக்காக அமெரிக்காவில் 1941 முதல் உருவான வில்லிஸ் ஜீப்பை, 1947-இல் பம்பாயில் பாகங்களாக இறக்கிப் பூட்டத் தொடங்கியது மஹிந்திரா. அந்த எளிய சட்டகம்தான் பின்னால் சி.ஜே., எம்.எம். 540, எம்.எம். 550 என்று பெயர் மாறி மாறி வந்தது. பெட்ரோல் எஞ்சின் போய் பெஜோ நிறுவன வடிவமைப்பிலான 2112 சி.சி. டீசல் எஞ்சின் வந்தது. பிறகு 2523 சி.சி. டி.ஐ. எஞ்சின். ஜப்பானின் சுசுகி எஸ்.ஜே. 410 ரகத்தைச் சற்று நீட்டி மாருதி 1985-இல் கொண்டுவந்தது ஜிப்ஸி. முதலில் 970 சி.சி., நான்கு கியர். 1996-இல் 1.3 லிட்டர், ஐந்து கியர். 2000-த்தில் கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ., சுமார் 80 குதிரைத்திறன். பாதுகாப்பு விதிகள் இறுகியதும் பொதுமக்களுக்கான விற்பனை 2019 வாக்கில் நின்றுபோனது. கடைசிவரை ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. வாங்குகிறவர் இதை வீட்டில் உள்ளவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு வாங்குவது நல்லது.

சரி, இந்த வண்டிகளில் கியர் லீவருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் குட்டி லீவர் என்ன செய்கிறது?

எஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸைத் தாண்டியதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இன்னொரு பெட்டிக்குள் நுழைகிறது. அங்கிருந்து பின்பக்கம் ஒரு ஷாஃப்ட், முன்பக்கம் ஒரு ஷாஃப்ட். சாதாரணமாகப் பின் ஷாஃப்ட் மட்டும் சுற்றும், அது 2எச். லீவரை 4எச்-க்குத் தள்ளினால் முன் ஷாஃப்ட்டும் கோத்துக்கொள்ளும். 4எல் என்பது வேறு சங்கதி. அதில் சக்கரத்துக்குப் போகும் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்து, இழுவை அந்த அளவுக்குக் கூடும். செங்குத்தான இறக்கத்தில் 4எல்-இல் முதல் கியர் போட்டுவிட்டால், பிரேக்கைத் தொடாமலே வண்டி நடை வேகத்தில் இறங்கும். மலைத் தோட்டக்காரருக்கு உண்மையில் பயன்படுவது இதுதான். மேட்டில் ஏறுவதைவிடச் சுமையோடு இறங்குவதில்தான் பழைய டிரம் பிரேக்குகள் கைவிடும்.

இந்த அமைப்பில் ஒரு குறை உண்டு. வண்டி வளையும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓட வேண்டியிருக்கிறது. 4எச்-இல் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் பிணைக்கப்பட்டிருப்பதால் இந்த வித்தியாசத்தை எங்காவது கழித்தாக வேண்டும். சேற்றிலும் சரளையிலும் டயர் கொஞ்சம் சறுக்கிக் கணக்கை நேர் செய்துவிடும். தார்ச்சாலையில் டயர் சறுக்காது. இறுக்கம் முழுவதும் ஷாஃப்ட்டிலும் பல்சக்கரங்களிலும் ஏறும். ஸ்டியரிங் கனக்கும், லீவரைத் திரும்ப எடுக்கவே வராது. ஆகவே விற்பவரிடம் பேச்சோடு பேச்சாக ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: “அண்ணே, ஃபோர் வீல் எப்பல்லாம் போடுவீங்க?” “எப்பவும் அதுலதான் ஓடும், ரோட்டுல நல்லா கிரிப்பா இருக்கும்” என்று பெருமையாகச் சொன்னால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஒரு தொகை ஒதுக்கிக்கொள்ளுங்கள். “போட்டதே இல்லீங்க, புதுசாவே இருக்கு” என்றாலும் மகிழ வேண்டாம். ஆண்டுக்கணக்கில் அசையாத லீவர் இறுகியிருக்கும், ஆயில் சீல்கள் காய்ந்திருக்கும்.

நான்கு சக்கரத்துக்கும் விசை போகிறது என்பதாலேயே நான்கும் எப்போதும் தள்ளும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு ஆக்ஸிலின் நடுவிலும் ஒரு டிஃபரன்ஷியல் இருக்கிறது. வளைவில் இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் ஓட அதுதான் வழிவிடுகிறது. தண்ணீர் பள்ளம் தேடிப் போவதைப்போல, விசையும் எதிர்ப்பு குறைந்த சக்கரத்தைத் தேடிப் போய்விடும். முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் குழியின்மேல் தொங்கினால், அவை இரண்டும் காற்றில் விர்ரென்று சுற்றும், வண்டி நின்ற இடத்தில் நிற்கும். இதைத் தடுக்கப் பூட்டும் வசதியுள்ள டிஃபரன்ஷியல் வேண்டும். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் அது உண்டு, ஆனால் நம் தொகைக்கு அது எட்டாது. நல்ல டயர் போடுவதும், ஓட்டுகிறவர் சக்கரத்தை எங்கே வைக்கிறார் என்பதும்தான் மலிவான மாற்று.

இனி சந்தைக்குப் போகலாம். பின்கதவில் 4x4 என்று ஒட்டியிருப்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. அந்த ஸ்டிக்கர் உதிரிபாகக் கடையில் கிடைக்கிறது. மலையில் ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள்கூட எல்லாமே ஃபோர் வீல் அல்ல. பொலேரோவில் பெரும்பாலானவை பின்சக்கர இயக்கம்தான். 2010-இல் வந்த முதல் தலைமுறை மஹிந்திரா தார் ஜீப்பிலேயே டி.ஐ. மாடல் இரண்டு வகையாகவும் விற்கப்பட்டது. எனவே ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிடுங்கள். முன் ஆக்ஸிலில் டிஃபரன்ஷியல் உருண்டை இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து அதுவரை ஒரு ஷாஃப்ட் வர வேண்டும். இருக்கும் ஷாஃப்ட்டைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டு, மைலேஜுக்காக எடுத்தேன் என்பவர்களும் உண்டு. அதைப் பூட்டிக் காட்டிய பிறகு விலை பேசலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அடியில் படுத்திருக்கும்போதே சேஸிஸைப் பாருங்கள். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் கொக்கிகளைச் சுற்றியுள்ள இடங்கள், குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகள், உடலும் சட்டமும் சேரும் போல்ட் இடங்கள் ஆகியவற்றில்தான் சேறு தங்கி, ஈரம் தங்கி, இரும்பு அரிக்கும். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டி இரும்பு கணீரென்று சொல்லும். அரித்த இடம் மொத்தையாக ஒலிக்கும். கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டி என்றால் இரண்டு மடங்கு கவனம் தேவை. அடிப்பகுதி முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் பூசியிருந்தால், ஏன் பூசினார்கள் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்வரை பர்ஸைத் திறக்க வேண்டாம். ஜிப்ஸியில் தரைத்தகடும் கண்ணாடிச் சட்டத்தின் அடியும் தனியாகப் பார்க்க வேண்டியவை. துணிக்கூரை ஒழுகிய தண்ணீர் அங்கேதான் போய்த் தேங்கும். தரைத்தகட்டை டிங்கரிங் செய்துவிடலாம். சேஸிஸில் ஒட்டுப்போட்ட வெல்டிங் தெரிந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். விலை எவ்வளவு குறைந்தாலும்.

அடுத்தது ஆயில். இந்த வண்டியில் எஞ்சின் ஆயில் தவிரக் கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் என்று தனித்தனி ஆயில்கள். ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூட்டிப்போய் இவற்றின் பிளக்குகளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் வெண்மையாகக் கலங்கியிருந்தால் ஆற்றிலோ ஓடையிலோ இறங்கித் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பொடிப்பொடியாக உலோகம் மினுங்கினால் பல்சக்கரம் தேய்கிறது. விற்பவர் பிளக்கைத் திறக்கச் சம்மதிக்காவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

ஓட்டிப் பார்ப்பதற்குக் காலையில் போவது நல்லது. பானெட்டைத் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். நீங்கள் வருவதற்குள் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் ஸ்டார்ட்டிங் கோளாறு மறைந்துவிடும். ஓடும் எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்ததும் புகை தள்ளினால் மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள்; ரிங் வேலை வரப்போகிறது. வாங்கவே கூடாது என்பதல்ல, அந்தச் செலவை விலையில் கழிக்கலாம்.

பிறகு ஒரு மண் மைதானத்துக்குக் கொண்டுபோங்கள். சில வண்டிகளில் முன்சக்கர நடுவில் ‘லாக்’, ‘ஃப்ரீ’ என்று திருகும் ஹப் இருக்கும். அதைப் பூட்டாமல் லீவரை மட்டும் போட்டால் முன்சக்கரத்துக்கு விசை போகாது. 4எச் போட்டு மெதுவாக முழு வளைவில் வட்டமடியுங்கள். முன்பக்கம் ‘டக் டக்’ என்று அடித்தால் சக்கரத்தருகே உள்ள ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. வண்டியை முழுதாக நிறுத்தி 4எல் போட்டு, ஒரு சரிவில் முதல் கியரில் காலை எடுத்து இறங்கவிடுங்கள். லீவர் தானாக வெளியே குதித்தால் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்க வேண்டியிருக்கும். கடைசியில் தார்ச்சாலையில், 2எச்-இல், அறுபது எழுபது கிலோமீட்டர் வேகம். பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் ஸ்டியரிங் கையில் நிற்காமல் உதறினால், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங்கும் ஸ்டியரிங் இணைப்புகளும் வேலை கேட்கின்றன. ஜிப்ஸியிலும் பழைய ஜீப்பிலும் இது அடிக்கடி வரும் வியாதி. சரிசெய்யலாம், சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது.

டயரையும் சொல்ல வேண்டும். நான்கும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் வேறு வேறு என்றால் மேலே சொன்ன இறுக்கம் நேர்ப்பாதையிலேயே வந்துவிடும். பார்க்க மிரட்டலாக இருக்கிறதே என்று ஏற்றிய பெரிய டயர், பிரேக்குக்கும் கிங் பின்னுக்கும் கூடுதல் சுமை. ஓடோமீட்டரும் ஓடியதைவிடக் குறைத்தே காட்டும்.

காகிதங்களில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய ஜீப்புகளில் எஞ்சினை மாற்றிப் பூட்டுவது சகஜம். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். இயந்திரத்திலும் சேஸிஸிலும் பொறித்த எண்களை நீங்களே துடைத்துப் படித்து, ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி அரம் தேய்த்த தடமோ வெல்டிங்கோ இருந்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம். வாகனத்தின் அடிப்படை அமைப்பை உரிமையாளர் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. முன்னால் மாட்டும் கனத்த இரும்புக் கார்டுக்கும் 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. ஹரியானாவின் சிர்சா மாவட்டப் பட்டறைகளில் ராணுவ ஏல உதிரிகளைக் கொண்டு புத்தம்புதிது போலக் கட்டித் தரும் ஜீப்புகளைப் படத்தில் பார்த்து மயங்குகிறவர்கள், அந்த ஜீப் எந்த ஆர்.சி.யில் ஓடப்போகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

டில்லி வண்டிகள் மலிவாக வருவதற்குக் காரணம் உண்டு. தலைநகர்ப் பகுதியில் பத்தாண்டு கடந்த டீசல், பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு எதிராகப் பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் பிறப்பித்த உத்தரவுகளால் அவை வெளிமாநிலங்களுக்குத் தள்ளப்பட்டன. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் அங்கிருந்து தடையின்மைச் சான்று, இங்கே சாலை வரி, மறுபதிவு என்று சேர்த்துப் பார்த்தால் மலிவு கரைந்துவிடும். உள்ளூர் வண்டியானாலும் பதினைந்து ஆண்டு முடிந்ததும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று காட்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் கார் ரகங்களுக்கு 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. பழைய வண்டிகளுக்குப் பசுமை வரி தனி. கடன் பாக்கி ஆர்.சி.யில் பதிவாகியிருந்தால் படிவம் 35-ம் வங்கியின் கடிதமும் கையில் வரும்வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டால் எஃப்.சி., இன்ஷூரன்ஸ் நிலவரம் தெரியும். இதற்குப் புரோக்கர் தேவையில்லை.

எதை வாங்கலாம்? ஆள் இரண்டு மூன்று பேர், ஈரமான வழுக்குப் பாதை என்றால் 2000-த்துக்குப் பிந்தைய எம்.பி.எஃப்.ஐ. ஜிப்ஸி. ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான எடை என்பதால் கனத்த ஜீப் புதையும் இடத்தில் இது தப்பித்துப் போய்விடும். எஸ்டீம் காரில் வந்த எஞ்சின் குடும்பமே இதிலும் என்பதால் உதிரிபாகத்துக்கும் அலைய வேண்டியதில்லை. பெட்ரோல் செலவுக்கும் முதுகுவலிக்கும் தயாராக இருக்க வேண்டும். உரமூட்டை, காய்ப்பெட்டி என்று பாரம் ஏற்றுகிறவருக்கு மஹிந்திரா எம்.எம். 540 அல்லது ஃபோர் வீல் உள்ள டி.ஐ. ஜீப். ராணுவம் கழித்த ஜோங்காவைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று: ஜபல்பூரில் செய்த அந்த நிசான் ரக வண்டிக்கு ஏறத்தாழ நான்கு லிட்டர் பெட்ரோல் எஞ்சின். சேகரிப்பவருக்கு அது சரி, தோட்டக்காரருக்குச் சரிப்படாது.

எதை வாங்கினாலும் கையிலிருக்கும் பணத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வண்டிக்குக் கொடுக்க வேண்டாம். மீதி டயருக்கும் பிரேக்குக்கும் எல்லா ஆயில்களுக்கும் முதல் மாதத்திலேயே போய்விடும். படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்து வாங்கிய பிறகே முழுப்பணத்தைக் கொடுங்கள். பெயர் மாற்றத்தையும் இன்ஷூரன்ஸ் மாற்றத்தையும் தள்ளிப்போடாமல் இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.